2025ஆம் ஆண்டறிக்கை: உஸ்தாத் ஜாகிர் உசேன் நினைவாண்டு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, மும்பை மாட்டுங்காவிலிருந்தும், செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று தொலைவிலிருந்தும் ரயிலேறி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கை உறுப்பினர் எண்ணிக்கை, சந்தா நிலுவை, நூலகம் என்று தொடங்கும். இம்முறை வரிசையை மாற்றத் தலைவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். சென்ற ஆண்டு நம் மன்றத்தில் நடந்தவற்றில் பெரும்பகுதி ஒரே மனிதரின் வாழ்க்கையிலிருந்து கிளைத்தவை. அவரைச் சொல்லாமல் வரவு செலவைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2024 டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை இரவு, தபலா மேதை ஜாகிர் உசேன் மறைந்துவிட்டார் என்று தொலைக்காட்சியில் ஓடியது. சற்று நேரத்தில் அப்படி இல்லை என்றார்கள். நம்மில் பலர் அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் மார்கழி முதல் நாள். விடியற்காலை பஜனைக்குக் கூடியிருந்தபோது குடும்பத்தாரே செய்தியை உறுதிசெய்துவிட்டார்கள் என்று ஒருவர் வந்து சொன்னார். நுரையீரல் திசு இறுகிப்போகும் நோயால் சான்பிரான்சிஸ்கோவில் அவர் காலமானார். வயது 73. அன்று 'மார்கழித் திங்கள்' பாடி முடித்ததும் நம் மிருதங்க ஆசிரியர் வாத்தியத்தை உறையில் போட்டு மூடிவிட்டு, 'இன்னிக்கு இது போதும் சார்' என்றார். எவரும் மறுத்துப் பேசவில்லை.

அதே வாரம் செயற்குழு கூடியது. 2025ஆம் ஆண்டின் மாதாந்திர அமர்வுகள் எல்லாவற்றையும் அவருடைய வாழ்வையும் தபலாவையும் பற்றியே வைத்துக்கொள்வது என்று முடிவானது. கர்நாடக சங்கீதத்துக்காகத் தொடங்கிய மன்றத்துக்கு இது பொருந்துமா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஜாகிர் உசேன் பிறந்தது நமக்குப் பக்கத்தில், மாஹிமில். மேற்கு ரயில்வேயில் மாட்டுங்கா ரோடுக்கு அடுத்த நிலையம். படித்தது மாஹிம் செயின்ட் மைக்கேல் பள்ளியிலும் செயின்ட் சேவியர் கல்லூரியிலும். தந்தையின் நினைவு நாளான பிப்ரவரி 3 அன்று விடியலில் தொடங்கி இரவு வரை அவர் நடத்திவந்த அஞ்சலிக் கச்சேரிகளை நம்மில் பலர் கேட்டது எங்கே? தென்னிந்தியர்கள் கூடி 1952இல் உருவாக்கிய சண்முகானந்தா சபையின் அரங்கில். அவருடைய கலையில் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்த ஊரில் மூன்று தலைமுறையாக வாழ்கிறோம். பக்கத்துத் தெருவில் பிறந்த கலைஞரைப் புரிந்துகொள்ள ஓர் ஆண்டு ஒதுக்குவதில் தவறேதும் இல்லை என்றே செயற்குழு கருதியது.

ஜனவரி, பிப்ரவரி: தந்தையும் மகனும்

முதல் இரண்டு அமர்வுகளும் தந்தை உஸ்தாத் அல்லா ரக்காவைப் பற்றியவை. அவரை விட்டுவிட்டு மகனைப் பேச முடியாது. 1919 ஏப்ரல் 29 அன்று ஜம்மு பகுதியின் பக்வால் கிராமத்தில் பிறந்தவர். பரம்பரை இசைக் குடும்பமல்ல. குர்தாஸ்பூரில் உறவினர் வீட்டில் இருந்த 12 வயதில் தபலா ஓசை அவரைப் பிடித்துக்கொண்டது. வீட்டைவிட்டு ஓடி, பஞ்சாப் கரானாவின், அதாவது பஞ்சாப் வாசிப்பு மரபின், பெரிய ஆசானான மியான் காதர் பக்ஷிடம் போய்ச் சேர்ந்தார். பாட்டியாலா கரானாவின் ஆஷிக் அலி கானிடம் வாய்ப்பாட்டும் கற்றார். லாகூர் வானொலி, பிறகு பம்பாய் வானொலி. 1940களில் ஏ.ஆர்.குரேஷி என்ற பெயரில் இந்திப் படங்களுக்கு இசையமைத்தார். சினிமாவில் இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அதை விட்டுவிட்டுத் தபலாவுக்கே திரும்பினார்.

பண்டிட் ரவி சங்கரோடு அவர் மேடையேறிய காலம்தான் தபலாவின் வரலாற்றில் திருப்பம். அதற்குமுன் தபலாக்காரர் தாளம் காட்டுபவர், அவ்வளவே. விளம்பரத்தில் பெயர் இருந்தால் இருக்கும். இசைத்தட்டு உறையில் பல நேரம் அதுவும் இருக்காது. ரவி சங்கர் தம் கச்சேரிகளில் தபலாவுக்கென்று தனி நேரம் ஒதுக்கினார். நம் கர்நாடகக் கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் தனியே ஒலிக்கும் தனியாவர்த்தனத்தைப் பார்த்து வந்த எண்ணம் அது. அல்லா ரக்காவும் தென்னிந்தியத் தாளக் கணக்குகளை ஆர்வத்தோடு ஆராய்ந்து தம் வாசிப்பில் சேர்த்துக்கொண்டவர். 1967இல் மான்டரே இசை விழா, 1969இல் வுட்ஸ்டாக் இசை விழா, 1971இல் நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக நடந்த கச்சேரி என்று லட்சக்கணக்கான அமெரிக்க இளைஞர்கள் முதன்முதலாகத் தபலாவைக் கேட்டது அவர் விரல்களில்தான்.

மகன் பிறந்தது 1951 மார்ச் 9. குழந்தையைக் கையில் வாங்கிய தந்தை காதில் பிரார்த்தனை ஓத வேண்டும் என்பது வழக்கம். அல்லா ரக்கா பிரார்த்தனைக்குப் பதிலாகத் தபலாச் சொற்களை ஓதினார். தாய் பாவி பேகம் கோபித்துக்கொண்டபோது, 'இதுதான் என் பிரார்த்தனை' என்றாராம். ஜாகிர் இதைப் பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். மகன் பிறந்த சமயத்தில் தந்தைக்கு உடல்நலம் மோசமாக இருந்தது. அவர் பிழைத்து எழுந்த பிறகு பாடம் தொடங்கியது. விடியற்காலை 3 மணிக்கு மகனை எழுப்புவார். 6 மணி வரை தபலாவைத் தொடாமலேயே வாயால் சொல்லிப் பழகுவார்கள். சரஸ்வதியைப் பற்றி, கணபதியைப் பற்றி, பழைய ஆசான்களைப் பற்றிப் பேச்சு நடக்கும். பிறகு பையன் மதரஸாவுக்குப் போய்க் குர்ஆன் ஓதுவான். அங்கிருந்து பள்ளிக்கு, தேவாலயத்தில் காலைத் துதிப்பாடலுக்கு. மூன்றுக்கும் இடையில் வேறுபாடே தனக்குத் தோன்றியதில்லை, ஒன்று முடிந்தால் இன்னொன்று என்று இயல்பாக இருந்தது என்று அவர் சொல்வார். இன்றைய மும்பையில் பிள்ளை வளர்க்கிற நம் இளம் உறுப்பினர்கள் இந்தப் பகுதியைத் திரும்பச் சொல்லும்படி கேட்டார்கள். பிப்ரவரி அமர்வில் திரும்பவும் சொன்னோம்.

ஏழு வயதிலேயே மேடை ஏறிவிட்டார். கச்சேரிக்கு வெளியூர் போகும்போது கையில் முன்பதிவுக்குக் காசிருக்காது. ரயில் பெட்டியில் கிடைத்த தரையில் செய்தித்தாளை விரித்து, யார் காலும் பட்டுவிடாமல் தபலாவை மடியில் வைத்துக்கொண்டு வருவாராம். வாத்தியத்தில் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1970இல் ரவி சங்கருக்கு வாசிக்க அமெரிக்கா போனார். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். பிறகு கலிபோர்னியாவில் உஸ்தாத் அலி அக்பர் கான் நடத்திய இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். 1978இல் கதக் கலைஞர் அன்டோனியா மினகோலாவை மணந்தார். சான்பிரான்சிஸ்கோ வட்டாரம் அவருடைய இரண்டாவது ஊரானது. ஆனாலும் குளிர்காலம் வந்தால் இந்தியாவுக்கு வந்துவிடுவார். பிப்ரவரி 3 அன்று மும்பையில் இருப்பார்.

அந்தத் தேதிக்குப் பின்னால் பெரும் துயரம் உண்டு. 2000ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் அல்லா ரக்காவின் மகள் ரசியா கண் அறுவை சிகிச்சையின்போது இறந்தார். செய்தி தெரிந்த அதிர்ச்சியில் பிப்ரவரி 3 அன்று தந்தையும் மாரடைப்பில் போய்விட்டார். சகோதரியையும் தந்தையையும் அடுத்தடுத்து இழந்த அந்த நாளை ஜாகிர் இசை நாளாக்கினார். சகோதரர்கள் ஃபசல் குரேஷியும் தௌஃபிக் குரேஷியும் உடன் நின்றார்கள். இந்துஸ்தானிக் கலைஞர்கள், கர்நாடக வித்வான்கள், ஆப்பிரிக்க முரசுக் கலைஞர்கள், ஜாஸ் டிரம்ஸ் வாசிப்பவர்கள் என்று எல்லாரையும் ஒரே மேடைக்கு அழைத்துவந்தார்கள்.

மார்ச்: தீன்தாலும் ஆதி தாளமும்

அவர் பிறந்த நாளையொட்டி மார்ச் அமர்வைச் செயல்விளக்கமாக வைத்தோம். தாதரில் தபலா கற்பிக்கும் மராட்டிய ஆசிரியர் ஒருவர் அன்போடு வந்து கட்டணம் வாங்காமல் நடத்திக்கொடுத்தார். எதிரில் நம் மிருதங்க ஆசிரியர். இருவரும் வாத்தியத்தைத் தொடும் முன் வாயால் சொன்னார்கள். அரங்கில் அத்தனை உற்சாகத்தை நான் சமீபத்தில் கண்டதில்லை.

வராதவர்களுக்காகச் சிறிது விவரம். தீன்தால் என்ற இந்துஸ்தானித் தாளத்துக்கு 16 மாத்திரை, அதாவது 16 எண்ணிக்கை, நான்கு நான்காக நான்கு பகுதி. 'தா தின் தின் தா, தா தின் தின் தா, தா தீன் தீன் தா, தா தின் தின் தா' என்று ஓடும். முதல் மாத்திரை ஸம். ஒன்பதாவது மாத்திரை காலி, கை தட்டாமல் வீசிக் காட்டும் இடம். அங்கே இடக்கைப் பாயானின் கார்வை நின்றுவிடும், வலக்கை மட்டும் ஒலிக்கும். பாடுகிறவர் கண்ணை மூடியிருந்தாலும் இப்போது சுற்றின் நடுவில் இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். இப்படிச் சுற்று முழுவதும் அழியாமல் ஒலிக்கிற சொற்கோவைக்குத் தேகா என்று பெயர். மிருதங்கம் அப்படியல்ல. தாளத்தைப் பாடகரும் ரசிகரும் கையில் போட்டுக்கொள்வதால் மிருதங்கம் சாகித்யத்தின் போக்கிலேயே போகலாம், நிறுத்தலாம், இடைவெளி விடலாம். தபலாக்காரருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. விளம்பித ஏக்தால் என்ற மெதுவான தாளத்தில் ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும். அவ்வளவு மெதுவான காலத்தில், பாட்டு எங்கே அலைந்தாலும், அவர் தேகாவைத் தாங்கிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தப் பொறுமையை ஜாகிர் உசேன் சிறுவயதிலேயே கற்றார். அவருடைய வேகத்தைப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தனி வாசிப்பின் வரிசையையும் தாதர் ஆசிரியர் காட்டினார். ஹார்மோனியமோ சாரங்கியோ ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து ஆவர்த்தனத்தை, அதாவது தாளச் சுற்றைக் காட்டிக்கொண்டிருக்கும். அதற்கு லெஹ்ரா என்று பெயர். முதலில் பேஷ்கார் என்ற தொடக்கப் பகுதி, நிதானமாக. பிறகு காயிதா. 'தா தா தேதே தா தா தூ நா' என்று ஒரு சொற்கட்டை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள சொற்களை மட்டுமே மாற்றி மாற்றி அடுக்கி விரிக்க வேண்டும். வெளியிலிருந்து புதுச் சொல் எதுவும் நுழையக் கூடாது. அதற்குமேல் வேகமான ரேலா, பிறகு கத், துக்டா என்ற சொற்கட்டு வகைகள். முடிப்பு திஹாய், அதாவது ஒரு சொல்லை மும்முறை சொல்லி ஸம் என்ற முதல் மாத்திரையில் வந்து விழுவது. திஹாயையே மும்முறை சொன்னால் சக்ரதார். நம் ஆசிரியர் உடனே மிருதங்கத்தில் அதே போன்ற முடிப்பான ஒரு மோராவைச் சொல்லிக் காட்டினார். கணக்கு ஒன்றேதான், போகும் பாதை வேறு. தில்லி, அஜ்ராடா, லக்னோ, ஃபரூக்காபாத், பனாரஸ், பஞ்சாப் என்ற ஆறு கரானாக்களில் பஞ்சாபுக்குப் பக்வாஜ் என்ற பழைய வடநாட்டு மத்தளத்தின் பலமான, திறந்த கை வழியாக வந்த கம்பீரம் உண்டு, சிக்கலான கணக்குகளும் உண்டு. ஜாகிரிடம் அது தெரியும். பாயானை உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி இழுத்து அவர் எழுப்பிய குரல் பேச்சுக் குரலைப் போலவே இருக்கும். சங்கும் உடுக்கையும் ஒலிப்பதை அதில் வாசித்துக் காட்டும்போது சிறுவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள்.

சக்தி

ஏப்ரலில் ஜாகிர் வாசித்த சக்தி இசைக்குழுவைப் பற்றி நடந்த அமர்வுக்குத்தான் அதிகக் கூட்டம். நாற்காலி போதாமல் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் வாங்கிப் போட்டோம். ஆங்கிலேய கித்தார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், வயலின் எல்.சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேன். தொடக்கக் கட்டத்தில் மிருதங்கத்துக்கு ராம்நாடு ராகவன். 1975 ஜூலையில் நியூயார்க் மாகாணத்தில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவே அவர்களுடைய முதல் இசைத்தட்டு.

ஒரு விஷயத்தை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். கடத்தோடு உட்கார்ந்து வாசித்த அந்த ஆண்டுகளில்தான் ஜாகிர் தென்னிந்தியத் தாளக் கோர்வைகளைக் கைக்குள் கொண்டுவந்தார். தபலாவும் கடமும் கேள்வி பதிலாகப் பேசிக்கொள்ளும் இடங்களை அன்று ஒலிக்கச் செய்தபோது, எண்பதைத் தாண்டிய நம் மூத்த உறுப்பினர் ஒருவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்து, முடிகிற இடத்தில் 'பலே' என்று குரல் கொடுத்தார். தாளச் சொற்களை வாயால் சொல்லும் நம் கொன்னக்கோலைப் பற்றி ஜாகிர் எங்கே பேசினாலும் மரியாதையோடுதான் பேசினார். விக்கு விநாயக்ராம் அவருக்கு வயதில் மூத்தவர், எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கு வாசித்தவர். அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட்டும் ஜாகிரும் இணைந்து 1991இல் செய்த 'பிளானட் டிரம்' தொகுப்பிலும் விநாயக்ராமின் கடம் உண்டு. உலக இசைக்கென்று முதன்முதலாக ஏற்படுத்திய கிராமி விருது அதற்குக் கிடைத்தது.

1997க்குப் பின் சக்தி மீண்டும் கூடியபோது நம்மவர்களின் பங்கு இன்னும் கூடியது. மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ், விநாயக்ராமின் மகன் கஞ்சிரா செல்வகணேஷ், பாடகர் சங்கர் மகாதேவன். 2014 செப்டம்பர் 19 அன்று ஸ்ரீநிவாஸ் 45 வயதில் காலமானார். அந்த மாண்டலினும் தபலாவும் சேர்ந்து ஓடிய பதிவை ஒலிக்கவிட்டபோது அரங்கில் பலருக்குக் கண் கலங்கியது. பிறகு வயலின் கணேஷ் ராஜகோபாலனும் சேர, 2023இல் 'திஸ் மொமென்ட்' என்ற இசைத்தொகுப்பு வெளிவந்தது. 2024 பிப்ரவரி 4 அன்று லாஸ் ஏஞ்சலஸில் அதற்குக் கிராமி. பாஞ்சோ பெலா ஃபிளெக், டபுள் பாஸ் எட்கர் மேயர், புல்லாங்குழல் ராகேஷ் சௌராசியா ஆகியோருடன் செய்த இசைக்காக அதே இரவில் இன்னும் இரண்டு. ஒரே இரவில் மூன்று கிராமி பெற்ற முதல் இந்தியர் அவர்.

மற்ற விருதுகளைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன்: 1988 பத்மஸ்ரீ, 1990 சங்கீத நாடக அகாடமி விருது, 2002 பத்மபூஷண், 2009 மற்றொரு கிராமி, 2022 ஜப்பானின் கியோட்டோ பரிசு, 2023 பத்மவிபூஷண். 2015இல் மும்பை என்.சி.பி.ஏ. (தேசிய நிகழ்கலை மையம்) அரங்கில் மேற்கத்திய சிம்பொனி இசைக்குழுவோடு தபலாவுக்காக அவர் எழுதிய 'பேஷ்கார்' அரங்கேறியது. இவ்வளவுக்குப் பின்னும் தம்மை உஸ்தாத் என்று அழைப்பதை அவர் விரும்பவில்லை. 'ஆசானாக முயலாதே, நல்ல மாணவனாக இரு' என்பது தந்தை சொன்ன பாடம். மும்பைக்காரர்களுக்கு அவர் கடைசிவரை ஜாகிர்பாய்தான். 1980களின் பிற்பகுதியில் தூர்தர்ஷனில் வந்த தாஜ்மகால் தேயிலை விளம்பரத்தால் அவரை அறிந்த வீடுகள் கோடிக்கணக்கில் இருக்கும். அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. சாஸ்திரீய இசைக் கலைஞரின் முகத்தைக் கிராமத்துச் சிறுவனுக்கும் தெரியவைத்த விளம்பரம் அது என்பதே என் எண்ணம். சுருள் முடி பறக்க வாசிக்கும் அந்த உருவத்தைப் பார்த்துத் தபலா கற்கச் சேர்ந்த தலைமுறை ஒன்று இந்த ஊரிலேயே இருக்கிறது.

பட்டறை

ஜூனில் ஒரு தபலா செய்யும் பட்டறைக்குப் போனோம். இடம் சிறியது என்பதால் இரண்டு குழுவாகப் பிரிந்து போக வேண்டியிருந்தது. சீசம் மரத்தைக் குடைந்து வலக்கைத் தாயான், செம்பு அல்லது பித்தளைத் தகட்டில் இடக்கைப் பாயான். வாயை மூட ஆட்டுத்தோல் மூட்டு, அதை இழுத்துப் பிடிக்கும் வார், வாருக்கு அடியில் உருளும் மரக்கட்டைகள். மூட்டின் மேலுள்ள கறுப்பு வட்டத்தை அவர்கள் ஸியாஹி என்கிறார்கள். இரும்புத்தூளும் மாவுப்பசையும் கரியும் சேர்ந்த கலவையை மெல்லிய பூச்சாக இட்டு, கல்லால் தேய்த்து, மறுபடி இட்டு, மறுபடி தேய்த்து ஏற்றுகிறார்கள். அந்தத் தேய்ப்பில்தான் சுருதி பிறக்கிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் நாம் பார்க்கிற கரணையின் உறவு அது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கச்சேரிக்குக் கச்சேரி ரவையைப் பிசைந்து ஒட்டி எடுத்துவிடுகிறோம். பாயானில் கறுப்பு வட்டம் நிரந்தரமாகவே இருக்கும், அதுவும் நடுவில் இல்லாமல் ஓரம் தள்ளி. மணிக்கட்டு உட்கார்ந்து அழுத்துவதற்கு அந்த இடம் வேண்டும்.

கைவினைஞர் தேய்ப்பதும் தட்டிக் கேட்பதுமாக இருந்தார். நாங்கள் கேட்டதற்கெல்லாம் வேலையை நிறுத்தாமலே பதில் சொன்னார். இந்தத் தொழிலுக்குத் தம் பிள்ளைகள் வருவார்களா என்று தெரியாது என்றார். மன்றத்தின் மிருதங்கங்களுக்கு மூட்டு மாற்றித் தருகிறவரும் இதையேதான் சொல்கிறார். அவருக்கு இந்த ஆண்டு முதல் கூலியை உயர்த்தி, வேலை கொடுக்கும்போதே பாதியை முன்பணமாகத் தருவது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

தனியாவர்த்தனம் பற்றிய தீர்மானம்

இந்த அறிக்கையில் எனக்கு மிக முக்கியமான பகுதி இது.

ஆகஸ்ட் அமர்வில் பண்டிட் சிவகுமார் சர்மாவின் சந்தூருக்கு ஜாகிர் வாசித்த பதிவுகளை மட்டும் கேட்டோம். சந்தூர் மெல்லிய குரல் கொண்ட தந்தி வாத்தியம். அதன்மேல் தபலா சற்றே ஓங்கினாலும் மூழ்கிவிடும். அவர் எவ்வளவு அடக்கி, எவ்வளவு கவனித்து வாசிக்கிறார் என்பதைத் தொடர்ந்து கேட்ட பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது தனி வாசிப்பைவிடக் கடினமான கலை என்று பலர் சொன்னார்கள். சிவகுமார் சர்மாவே தபலாவில் தொடங்கியவர். 2022 மே 10 அன்று அவர் மறைந்தபோது ஜாகிர் பாடையைத் தோளில் சுமந்தார். எல்லாரும் விலகிய பின் சிதைக்கு அருகே தனியாக நின்ற அவருடைய படத்தை நாடே பார்த்தது.

ஜாகிர் ஒரு விதியைக் கடைப்பிடித்தார். கல்யாணங்களிலும், நிறுவன விருந்துகளிலும், தனியார் கேளிக்கைகளிலும் வாசிப்பதில்லை. மக்கள் சாப்பிடவும் குடிக்கவும் கூடுகிற இடம் இசைக்கானது அல்ல என்றார். இதை நம் மன்றத்தோடு சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. தனியாவர்த்தனம் தொடங்கியதும் நம் அரங்கில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கிறது. வாசலில் காபி வரிசை நிற்கிறது. மணிக்கணக்காகப் பாடகரைத் தாங்கி வாசித்த மிருதங்கக் கலைஞர் தமக்கென்று கிடைத்த சில நிமிடங்களைக் காலி நாற்காலிகளுக்கு வாசிக்கிறார். எந்தத் தனியாவர்த்தனத்தைப் பார்த்து வடக்கே தபலாவுக்கு உரிய இடம் கிடைத்ததோ, அதை நம் கூடத்தில் நாமே மதிக்காமல் இருப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். இதைப் பலமுறை தனிப்பட்ட முறையில் சொல்லியிருக்கிறேன், இங்கே செயலாளராகவும் பதிவு செய்கிறேன்.

செயற்குழுவில் நீண்ட விவாதத்துக்குப் பிறகு நிறைவேறிய தீர்மானங்கள் இவை. அழைப்பிதழில் பக்கவாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் பாடகர் பெயரின் அதே எழுத்தளவில் அச்சாகும். தனியாவர்த்தனம் நடக்கும்போது சிற்றுண்டிக் கடை மூடியிருக்கும், கதவும் சாத்தப்படும். பாடகருக்கும் பக்கவாத்தியத்துக்கும் இடையிலான சன்மான இடைவெளி படிப்படியாகக் குறைக்கப்படும். முதிய உறுப்பினர்களுக்கு இரண்டு மணி நேரம் தொடர்ந்து உட்காருவது சிரமம் என்று எழுந்த ஆட்சேபம் சரியானதே. அவர்களுக்காகத் தனியாவர்த்தனத்துக்கு முந்திய உருப்படி முடிந்ததும் ஐந்து நிமிடம் விடப்படும். பாடகர் பெயரைப் பெரிதாகப் போட்டால்தான் டிக்கெட் விற்கும் என்ற வாதத்தைப் பெரும்பான்மை ஏற்கவில்லை. தீபாவளிக் கச்சேரியில் முதன்முறையாக இதை நடைமுறைப்படுத்தினோம். ஒருவரும் எழவில்லை. தனி முடிந்ததும் மிருதங்கக் கலைஞர் எழுந்து நின்று கைகூப்பினார்.

பிற செய்திகள்

நம் குழந்தைகள் மிருதங்க வகுப்போடு இந்த ஆண்டு தபலா வகுப்பும் சேர்ந்திருக்கிறது. முதலில் சொன்ன தாதர் ஆசிரியரே வாரம் ஒருமுறை வருகிறார். சேர்ந்தவர்களில் பெண் குழந்தைகள் அதிகம் என்பது மகிழ்ச்சி. முதல் மூன்று மாதம் வாயால் சொல்வது மட்டும்தான், தபலா கையில் கிடைக்காது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெற்றோர் பொறுமையாக இருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

நூலகத்தில் மழைநீர் கசிந்து சில பழைய இதழ்கள் நனைந்தன. கூரை சரிசெய்யப்பட்டது. ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றும் வேலையை இரண்டு கல்லூரி மாணவர்கள் எடுத்துச் செய்துவருகிறார்கள். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்போர் இன்றே செலுத்திவிட்டால் அடுத்த ஆண்டு அழைப்பிதழ்கள் தவறாமல் வந்துசேரும்.

இவ்வாண்டு நாம் இழந்த மூத்த உறுப்பினர்களின் குடும்பங்களுக்கு மன்றத்தின் ஆழ்ந்த இரங்கல்.

2026இல் மாதாந்திர அமர்வுகளை மிருதங்க மேதைகளான பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை ஆகியோரின் வாசிப்புக்கு ஒதுக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பழைய பதிவுகள் வைத்திருக்கும் உறுப்பினர்கள் கொடுத்துதவலாம். அவை பத்திரமாகத் திருப்பித் தரப்படும்.

அரங்கைக் குறைந்த வாடகைக்குத் தந்த அறங்காவலர்களுக்கும், ஒலிபெருக்கி ஏற்பாட்டைக் கவனித்த இளைஞர் அணிக்கும், ஒவ்வோர் அமர்வுக்கும் சுண்டலும் கேசரியும் செய்துகொடுத்த மாமிகளுக்கும், பட்டறைக் கதவைத் திறந்துவிட்ட கைவினைஞருக்கும் என் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி முன்வைக்கிறேன்.

செயலாளர்